வரவுக்குள் வாழக் கற்ற மின்கருவிகள்



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் டில்லிக்கும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு வரவு செலவுக் கணக்கைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. முதல் தேதியன்று கைக்கு வரும் சம்பளம் இவ்வளவு, அதில் வீட்டு வாடகை இவ்வளவு, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்ப வேண்டியது இவ்வளவு, எஞ்சியது இவ்வளவு. சம்பளத்தை உயர்த்துவது பெரும்பாலும் நம் கையில் இல்லை. செலவைச் சுருக்குவது நம் கையில் உண்டு. இதனை அறிந்த குடும்பத்தில் முப்பதாம் தேதியன்றும் உலை கொதிக்கும். அறியாத குடும்பம் இருபதாம் தேதியிலேயே கைமாற்றுக்கு அலையும்.

மின்கலத்தை நம்பி வாழும் கருவிகளின் வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே. மின்கருவிகளின் முன்னேற்றம் என்றவுடன் மேலும் மேலும் பெருகிய சக்தியையே நாம் எண்ணுகிறோம். பாட்டரியால் இயங்கும் கருவிகளைப் பொறுத்தவரை உண்மை வேறு. பாட்டரி மெல்ல மெல்லவே வளர்ந்தது. அதனிடமிருந்து கருவிகள் கேட்கும் பங்கோ ஆயிரம் மடங்கும் பதினாயிரம் மடங்கும் குறைந்தது. அந்தக் குறைவின் கதையையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் வரவைப் பார்ப்போம். 1800-ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா, துத்தநாகத் தகடுகளையும் வெள்ளித் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடையில் உப்பு நீரில் நனைத்த அட்டைகளை வைத்து, தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்தை உண்டாக்கினார். 1866-இல் பிரெஞ்சு நாட்டவரான லெக்லான்ஷே, துத்தநாகத்தையும் மாங்கனீஸ் டை ஆக்ஸைடையும் நவச்சாரக் கரைசலையும் கொண்டு ஒரு கலம் அமைத்தார். இருபது ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் காஸ்னர் அந்தக் கரைசலைக் குழம்பாக்கி, சிந்தாத உலர்கலமாகச் செய்தார். நம் வீட்டு டார்ச் விளக்கில் பல்லாண்டு எரிந்த சாதாரண பாட்டரி அந்தக் குடும்பத்தின் வாரிசுதான். கட்டை விரல் பருமனாயினும் கைப்பிடி பருமனாயினும் அத்தகைய கலம் ஒன்று தருவது ஒன்றரை வோல்ட்டே. பருமன் கூடினால் இருப்புக் கூடும்; அவ்வளவே.

இனிச் செலவுக்கு வருவோம். வியப்பான செய்தி என்னவெனில், வானொலிப் பெட்டியின் தொடக்கக் காலத்தில் பாட்டரியே வேண்டாத ஒரு கருவி இருந்தது. அதற்கு வித்திட்டவர்களில் ஒருவர் அந்நாளைய கல்கத்தாவின் பிரசிடென்ஸிக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ். கலீனா என்னும் ஈயத்தாதின் படிகத்தைக் கொண்டு மின்காந்த அலைகளைக் கண்டுணரும் கருவிக்கு அவர் 1901-இல் விண்ணப்பித்து, 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அத்தகைய படிகத்தின் மீது மெல்லிய கம்பி முனையைத் தொட வைத்து, நீண்ட ஏரியலையும் நிலத்தில் புதைத்த எர்த்துக் கம்பியையும் இணைத்தால், காதில் மாட்டிய ஹெட்போனில் பாட்டுக் கேட்கும். அதுவே கிரிஸ்டல் செட்.

சென்னையில் 1924-இல் ரேடியோ கழகத்தார் ஒலிபரப்பைத் தொடங்கினர். 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒலிபரப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. நிலையத்துக்கு அருகே வசித்தவர் கிரிஸ்டல் செட்டைக் கொண்டு காசுச் செலவின்றிக் கேட்க இயன்றது. அந்தப் பெட்டிக்கு வேண்டிய சக்தி எங்கிருந்து வந்தது? நிலையம் வானில் வீசிய அலையில் ஏரியலின் மேல் பட்ட ஒரு சிறு துளியிலிருந்து வந்தது. கேட்கும் ஒலியே அந்தத் துளியின் வடிவம். ஆனால் வரவு மிகச் சிறிதாதலின் பயனும் சிறிதாயிற்று. ஒருவர் காதில் மாட்டிக்கொண்டால் மற்றவர் கேட்க இயலாது. நிலையத்தை விட்டுத் தொலைவு சென்றால் எவருக்குமே கேட்காது.

தொலைவிலிருந்து வரும் மெல்லிய அலையைப் பெருக்கிக் கூடம் முழுதும் ஒலிக்கச் செய்ய வால்வுகள் வந்தன. வால்வின் உள்ளே ஒரு மெல்லிய இழை உண்டு. அதனைச் சூடேற்றினாலன்றி வால்வு வேலை செய்யாது. ஆகவே பாட்டரியால் இயங்கிய வால்வு ரேடியோவுக்கு இரண்டு வகை பாட்டரிகள் தேவைப்பட்டன: இழையைச் சூடேற்ற ஒன்று, வேலை நடத்தத் தொண்ணூறு வோல்ட் அளவில் மற்றொன்று. நான்கு வால்வுகள் கொண்ட ஒரு பெட்டி, இரண்டுக்குமாக ஒரு வாட்டுக்கு மேல் உண்டது. அதில் பாட்டாக வெளிவந்தது மிகச் சிறிய பங்கே. விருந்தாளியை அழைத்து வந்த வண்டிக்கூலி விருந்துச் செலவை மிஞ்சியது போன்ற கதை இது.

மின்சாரம் எட்டாத சிற்றூர்களில் இதன் துயரத்தை மக்கள் உணர்ந்தனர். கனத்த பாட்டரி, அதன் விலையோ பெரிது. தீர்ந்துவிட்டால் நகரத்திலிருந்து புதிது வரும் வரை பெட்டி ஊமை. பெட்டியில் பழுது ஒன்றுமில்லை. வானில் அலைக்கும் குறைவில்லை. உண்ண உணவின்மையே அதன் ஊமைக்குக் காரணம்.

இந்தப் பெரும்பசிக்கு ஈடாக வேறு வரவு தேடியவர்களும் உண்டு. இரு வேறு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறு முனையைக் குளிராகவும் வைத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்னும் விளைவை 1821-இல் ஸீபெக் கண்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு, 1950-களில் சோவியத் நாட்டில் மண்ணெண்ணெய் விளக்கின் புகைக்கூண்டைச் சுற்றி வைக்கும் மின்னாக்கியைச் செய்தனர். விளக்கு வீட்டுக்கு ஒளி தரும். வீணே மேலே போகும் அதன் வெப்பம் ரேடியோவுக்கு மின்சாரம் தரும். வீணாவதைப் பிடித்துப் பயனாக்கும் இந்த எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

செலவின் பக்கத்தில் பெரிய மாற்றம் 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் நேர்ந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டெய்னும் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். அடுத்த மாதமே ஷாக்லி அதனினும் உறுதியான மற்றொரு வகையை வகுத்தார். மூவருக்கும் 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது. டிரான்சிஸ்டரில் சூடேற்ற வேண்டிய இழை இல்லை. வண்டிக்கூலி ஒழிந்தது. 1954-இல் விற்பனைக்கு வந்த ரீஜென்ஸி என்னும் அமெரிக்க ரேடியோவில் இருந்தவை நான்கே டிரான்சிஸ்டர்கள். இருபத்திரண்டரை வோல்ட் பாட்டரி ஒன்றிலிருந்து அது எடுத்துக்கொண்டது ஏறத்தாழ நான்கு மில்லி ஆம்பியர். கூட்டிப் பெருக்கினால் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வால்வுப் பெட்டியின் பசி ஒரே தாவலில் பத்தில் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது.

இந்தக் கணக்கு ஏட்டில் மட்டும் நிற்கவில்லை. தோளில் மாட்டிய டிரான்சிஸ்டருடன் வயல்வரப்பில் நடந்த உழவரை நாம் கண்டோம். அயல்மொழி சூழ்ந்த நகரங்களில் ஒற்றை அறையில் வாழ்ந்த தமிழர் பலர், சிற்றலை வரிசையில் முள்ளை மெல்லத் திருப்பி, டில்லியின் தமிழ்ச் செய்தியையும் இலங்கையின் தமிழ்ப் பாடலையும் பிடித்துக் கேட்டனர். தாய்மொழியின் ஓசை அந்த அறைக்குள் வந்ததற்குப் பெரிய மின்நிலையம் எதுவும் காரணமன்று. செலவைச் சுருக்கிய ஒரு சிறு பொருளே காரணம்.

டிரான்சிஸ்டர் பிறந்த அதே ஆய்வுக்கூடத்தில் வரவின் பக்கமும் ஒரு புதிய வாயில் திறந்தது. ஈரமும் வெப்பமும் மிகுந்த நாடுகளில், தொலைவிலுள்ள டெலிபோன் கருவிகளுக்கு வைக்கும் உலர்கலங்கள் விரைவில் கெட்டுப்போயின. அவற்றுக்கு மாற்று ஒன்றைத் தேடும் பணி சாப்பின் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரும் ஃபுல்லரும் பியர்சனும் சேர்ந்து, 1954 ஏப்ரலில் சிலிக்கன் சூரியக்கலத்தை உலகுக்குக் காட்டினர். தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கை அது மின்சாரமாக மாற்றியது. வீடுகளுக்கு மின்சாரம் தர அன்று அதன் விலை இடம் தரவில்லை. சிறிது உண்டு நெடுநாள் வாழ வேண்டிய கருவி ஒன்று கிடைத்தால்தான் அதன் அருமை விளங்கும். அத்தகைய கருவி நான்கே ஆண்டுகளில் வந்தது.

1957 அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அதன் எடை 83.6 கிலோகிராம்; அதில் 51 கிலோகிராம் மின்கலத் தொகுதியின் எடை. உலகெங்கும் உள்ளவர் சாதாரணக் கருவிகளிலும் கேட்க வேண்டும் என்பதற்காக அதன் ஒலிபரப்பி ஒரு வாட்டுச் சக்தியுடன் பேசியது. மூன்று வாரங்களில் இருப்புத் தீர்ந்தது, குரல் நின்றது. 1958 மார்ச் 17-ஆம் நாள் அமெரிக்கா ஏவிய வான்கார்டு கோளின் எடை ஒன்றரைக் கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவு. அதில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. பத்து மில்லி வாட்டுச் சக்தியுடன் பேசிய ஒன்று பாட்டரியை நம்பியது. அது அந்த ஜூன் மாதத்தில் ஓய்ந்தது. ஐந்து மில்லி வாட்டுச் சக்தியுடன் பேசிய மற்றொன்று ஆறு சிறு சூரியக்கலங்களை நம்பியது; அது 1964 வரை பேசியது.

ஸ்புட்னிக்கின் குரலுக்குத் தேவைப்பட்ட சக்தியில் இருநூற்றில் ஒரு பங்கே வான்கார்டின் அந்தச் சிறு குரலுக்குப் போதும். சூரியன் எல்லார்க்கும் ஒன்றே. ஆனால் செலவை ஐந்து மில்லி வாட்டுக்குள் அடக்கியவனுக்கே ஆறு சிறு தகடுகளின் வரவு ஆறாண்டு ஊணாயிற்று. வரும் வழி குறுகியதாயினும் போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்று வள்ளுவர் சொன்ன அறிவுரை, விண்ணில் சுற்றிய கோளுக்கும் பொருந்தியது.

அதே 1958-ஆம் ஆண்டில் இந்தக் கணக்கு மனித உடலுக்குள்ளும் நுழைந்தது. அக்டோபர் 8-ஆம் நாள் ஸ்வீடன் நாட்டில், எல்ம்க்விஸ்ட் செய்த கருவியைச் சென்னிங் என்னும் அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் உடலுக்குள் பொருத்தினார். தளர்ந்த இதயத்தை மின்துடிப்பால் தட்டி எழுப்பும் பேஸ்மேக்கர் அது. அந்த முதற்கருவி சில மணி நேரமே வேலை செய்தது. ஆயினும் மாற்றுக் கருவிகளின் துணையால் அந்நோயாளி 2001 வரை வாழ்ந்தார். 1960-களில் பாதரச பாட்டரிகளைக் கொண்ட பேஸ்மேக்கர்கள் பரவின. அவை பெரும்பாலும் இரண்டாண்டு அளவே உழைத்தன. ரேடியோவில் பாட்டரி தீர்ந்தால் கடைக்குச் செல்லலாம். மார்புக்குள் இருக்கும் பாட்டரி தீர்ந்தால் மீண்டும் கத்தியை எடுக்க வேண்டும். இங்கே சிக்கனம் என்பது காசைக் காப்பதன்று. நோயாளியை அறுவை மேசையிலிருந்து காப்பது.

இரு பக்கமும் வேலை நடந்தது. வரவின் பக்கம், 1972 முதல் கிரேட்பாட்ச் முன்னின்று வளர்த்த லிதியம் அயோடைன் கலம் வந்தது. பேஸ்மேக்கரின் வாழ்நாள் பல மடங்கு நீண்டது. செலவின் பக்கம், 1960-களின் நடுவில் புதிய வகைக் கருவி வந்தது. இதயம் தானே துடிக்கும்போது அது வாளாவிருக்கும். துடிப்புத் தவறினால் மட்டும் தட்டும். வேண்டியபோது மட்டும் உழைத்து, மற்றபோது ஓய்ந்திருக்கும் இந்த ஒழுக்கமே பின்னாளில் சிறு மின்கருவிகள் அனைத்துக்கும் சட்டமாயிற்று.

அச்சட்டத்துக்கு ஏற்ற பொருளை 1963-இல் அமெரிக்கப் பொறியாளர் வான்லாஸ் வகுத்தார். சீமாஸ் என்பது அதன் பெயர். இரு வேறு இயல்புள்ள டிரான்சிஸ்டர்களை இணையாக்கி, ஒன்று திறந்தால் மற்றது மூடும்படி அவர் அமைத்தார். நிலை மாறும் கணத்தில்தான் அது குறிப்பிடத்தக்க மின்சாரத்தை உண்ணும். மாறாது நிற்கும்போது உண்பது மிகச் சொற்பம். மேலும் ஒரு நன்மை உண்டு. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் நிலைமாற்றச் செலவு பாதியாகக் குறைவதில்லை. கால் பங்காகக் குறைகிறது. குவார்ட்ஸ் கைக்கடிகாரம் 1969-இல் டோக்கியோவில் விற்பனைக்கு வந்தது. பின்னர்ச் சீமாஸ் அதனுள் குடிபுகுந்தபோது, சட்டைப் பொத்தான் அளவுள்ள மின்கலம் ஒன்றே கடிகாரத்தை ஆண்டுக்கணக்கில் ஓட்டியது. ஓசூரில் எழுந்த தொழிற்சாலையிலிருந்து நாடெங்கும் பரவிய குவார்ட்ஸ் கடிகாரங்கள் நம் கைகளிலேயே இதற்குச் சான்று கூறின.

கருவியை உறங்க வைப்பதால் எவ்வளவு மிச்சம் என்பதைச் சிறு கணக்கால் பார்க்கலாம். காசு வடிவான ஒரு லிதியம் கலம் 220 மில்லி ஆம்பியர் மணி இருப்பும் 3 வோல்ட் அழுத்தமும் உடையது என்க. வெப்பநிலையை அளந்து அனுப்பும் ஒரு கருவி விழித்திருக்கையில் 10 மில்லி ஆம்பியர் உண்ணும் எனக் கொள்வோம். இடைவிடாது விழித்திருந்தால் 22 மணி நேரத்தில் கலம் வறண்டுவிடும். ஆனால் வெப்பநிலை நொடிக்கு நொடி மாறுவதில்லை. பத்து நொடிக்கு ஒரு முறை, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் விழித்தால் போதும். உறக்கத்தில் 2 மைக்ரோ ஆம்பியர் உண்டாலும், சராசரிச் செலவு 12 மைக்ரோ ஆம்பியர்தான். அதே கலம், கணக்குப்படி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரும். புதிய பாட்டரி எதுவும் கண்டுபிடிக்கவில்லை. விழிக்கும் நேரத்தை அளந்தோம், அவ்வளவே.

செலவு இவ்வளவு இறங்கிய பின், மண்ணெண்ணெய் விளக்கின் பழைய எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது. சுற்றிலும் வீணாகும் ஒளி, வெப்பம், அதிர்வு, வானொலி அலை ஆகியவற்றிலிருந்து சிறுகச் சிறுக மின்சாரம் எடுத்தல் என்பதே அது. இதனை ஆற்றல் அறுவடை என்பர். உண்மையில் இது அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குவதற்கு ஒப்பானது. உச்சிவெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டர் சூரியக்கலம் ஏறத்தாழ 20 மில்லி வாட் தரும். வீட்டினுள் விளக்கு வெளிச்சத்தில் அதே கலம் தருவது பத்து அல்லது சில பத்து மைக்ரோ வாட். ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஆயினும் மேலே கணக்கிட்ட கருவியின் சராசரிச் செலவு 36 மைக்ரோ வாட்தானே! சில சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள கலம் இருந்தால், அறை வெளிச்சமே அதற்குச் சோறு போட்டுவிடும்.

இங்கே ஓர் இடர் உண்டு. பொறுக்கிய வரவு சொட்டுச் சொட்டாக வரும். செய்தி அனுப்பும் கணத்தில் செலவோ ஒரே வீச்சாக எழும். கோடையில் வறண்ட வைகை மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்தவர்களுக்கு இதன் தீர்வு தெரியும். குடத்தை உடனே கவிழ்த்தால் மணல்தான் வரும். நீர் ஊறித் தேங்கும் வரை காத்திருந்து, பின் முகக்க வேண்டும். மின்தேக்கி என்னும் சிறு உறுப்பு அந்த ஊற்றுக்குழியின் வேலையைச் செய்கிறது. அதில் போதிய அளவு நிரம்பிய பிறகே கருவி விழிக்கும்; பேசி முடித்ததும் மீண்டும் உறங்கும்.

நம் நாட்டுச் சாலைகளில் இன்று இக்கொள்கை எங்கும் கண்ணில் படுகிறது. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டாக் பட்டையை வாகனக் கண்ணாடியில் காணலாம். அதனுள் பாட்டரி இல்லை. சாவடியிலுள்ள கருவி வீசும் அலையிலிருந்தே அது தனக்கு வேண்டிய சக்தியை எடுத்து விழிக்கிறது. அந்த அலையையே சற்று மாற்றித் திருப்பி அனுப்பித் தன் எண்ணைச் சொல்கிறது. டில்லி மெட்ரோவில் காட்டும் அட்டையும் வாயில் தரும் சக்தியால் விழிப்பதே. கிரிஸ்டல் செட்டும் இவ்வாறே நிலையத்து அலையை உண்டு வாழ்ந்தது. அன்று அந்தத் துளிச் சக்தி ஒருவர் காதுக்கு மட்டும் போதியது. இன்று அத்தகைய துளி, எண்ணைப் படிக்கவும் விடை கூறவும் வல்ல மின்சுற்றுக்கே போதுகிறது. கூடியது துளியன்று, குறைந்தது தேவை.

இறுதியாக, இந்திய விண்வெளிப் பேரேட்டிலிருந்து இரண்டு பக்கங்கள். 1975 ஏப்ரல் 19-ஆம் நாள் ஏவப்பட்ட நம் முதற்கோள் ஆரியபட்டாவில், நான்கே நாட்களில் மின்வழங்கலில் நேர்ந்த பழுதால் ஆய்வுகள் நின்றன. கோள் பழுதின்றிச் சுற்றினும், உணவு தடைப்பட்டால் ஆய்வு இல்லை என்பதை நம் பொறியாளர் அன்றே கற்றனர். 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்பகுதியில் இறங்கியது. அங்கே ஒரு பகல் ஏறத்தாழ நம் பதினான்கு நாள், இரவும் அவ்வளவே. அந்த ஒரு பகலின் சூரிய வரவுக்குள் முடியும்படி விக்ரம், பிரக்யான் இரண்டின் பணிகளும் வகுக்கப்பட்டிருந்தன; முடிக்கவும் பட்டன. செப்டம்பர்த் தொடக்கத்தில் பாட்டரியை நிரப்பி, அவற்றை உறங்க வைத்தனர். அடுத்த விடியலில் அழைத்தபோது அவை விழிக்கவில்லை.

ஆயினும் விக்ரம் முற்றும் வாய்மூடிவிடவில்லை. அமெரிக்க நாசா அளித்த சிறு பிரதிபலிப்பான் ஒன்று அதன்மேல் உள்ளது. அதற்குப் பாட்டரி வேண்டாம், சூரியக்கலமும் வேண்டாம். வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவது மட்டுமே அதன் தொழில். 2023 டிசம்பர் 12-ஆம் நாள் நிலவைச் சுற்றும் நாசாவின் கலம் ஒன்று அதன்மேல் லேசர் ஒளியை வீசியது. விடை வந்தது. விக்ரமின் பாட்டரிகள் ஓய்ந்து மூன்று திங்களுக்குப் பின், எதுவும் உண்ணாத அந்தச் சிறு உறுப்பு, தான் நிற்கும் இடத்தைச் சொல்லியது.

அடுத்த முறை சுங்கச் சாவடியைக் கடக்கும்போதோ, கைக்கடிகாரத்தில் மணி பார்க்கும்போதோ, அந்தக் கருவிக்கு வரவு எங்கிருந்து வருகிறது, அது எவ்வளவு செலவிடுகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். மாதக் கடைசியில் நம் வீட்டில் போடும் கணக்கையே அதனை வகுத்தவரும் போட்டிருப்பார்.